உத்தரத்தை முட்டிய அமெரிக்கா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லட்சம் பேரில் எத்தனை பேர் சிறையில் என்று, பல நாடுகளை ஆண்டுவாரியாக ஒப்பிடும் வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். அமெரிக்கக் கோடு ஏறிய வேகத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கு ஒரு வீடு தேடினேன்.

தாமிரபரணியில் அன்று வெள்ளம்... வேண்டாம். ஆற்றை ஏன் கதைக்குள் இழுக்க வேண்டும்?

2

தச்சநல்லூர், 1996. எம்.ஃபில். ஆய்வுக்காக வேணி அதே வரைபடத்தைப் போட்டாள். தரையோடு கிடந்த இந்தியா கண்ணுக்குத் தெரியட்டுமென்று அளவைப் பெரிதாக எடுத்தாள். அமெரிக்காவுக்குத் தாள் போதவில்லை. தாள் மேல் தாள் ஒட்டி, ஸ்டூல் போட்டு ஏறி, கூடத்துச் சுவரில் உத்தரம் வரை கொண்டுபோய்விட்டாள். பின்லாந்து மட்டும் சமர்த்தாக இறங்கி வந்தது.

"நாமதான் எல்லாருக்கும் கீழயா? வெளங்குனாப்லதான்" என்றார் அப்பா ஐயம்பெருமாள்.

"இதுல கீழ இருந்தாத்தான்ப்பா நல்லது."

"அப்ப சரி. ஆனா கிழிச்சிருட்டி. நாளைக்குப் பொண்ணு பாக்க வாராவ."

(அவளைக் கிழிக்க வைத்துப் பார்த்தேன். கதை அங்கேயே படுத்துவிட்டது.) வேணி கிழிக்கவில்லை.

3

மாப்பிள்ளை சிவசண்முகம், வங்கி எழுத்தர். (மீசை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.) கூட வந்த அம்மா, சுவரில் 'சிறைவாசிகள்' என்ற கொட்டை எழுத்தைப் படித்தார். கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"எங்களப் பத்தி விசாரிச்சுட்டிய, அப்படித்தான? அதச் சொவத்துல ஒட்டியா காட்டணும்? எம் மூத்த மவன் இன்னும் விசாரணைக் கைதிதான். தண்டனை ஒண்ணும் ஆவல!"

இந்த வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. ஐயம்பெருமாளின் முகம் அப்போது*

சிவசண்முகம் எழுந்து சுவரருகே போனான். "எங்க அண்ணன் இதுல எங்கன இருக்கான்?"

வேணி இந்தியக் கோட்டின் நுனியில் விரல் வைத்தாள். "இங்கன. இதுல பாதிக்கு மேல தீர்ப்பு வராதவங்கதான்."

இத்தனை மாதம் கோடு போட்டவளுக்கு, கோட்டுக்குள் ஆள் இருப்பது அப்போதுதான் உறைத்தது. அண்ணனை ஒளிக்காமல் தேடியவனை அவளுக்குப் பிடித்தும் போனது. எனக்கும்தான்.

* முடிக்கத் தைரியமில்லை.

4

முடிவு (அ): அடுத்த வரியிலேயே தாலி. அவசரம்.
முடிவு (ஆ): கேசரியைத் தொடாமல் எழுந்து போகிறார்கள். கேசரி என்ன பாவம் செய்தது?

இரண்டையும் அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்.

"நாளைக்கு ஜெயிலுக்குப் போயி அண்ணனப் பாக்க மனு போடுதேன்" என்றான் சிவசண்முகம். "பொண்ணு வீட்டுல என்ன சொன்னாவன்னு கேப்பான். நான் என்ன சொல்ல?"

அவன் அம்மாவுக்குப் பின்னால் நின்று, வேணியைப் பார்த்து வேண்டாம் வேண்டாமென்று தலையாட்டினார் ஐயம்பெருமாள். வேணி வாயைத் திறந்தாள்.

நான் பேனாவை மூடிவிட்டேன். அவள் உங்கள் மகள் என்று வைத்துக்கொண்டு, நீங்களே பதில் சொல்லி அனுப்புங்கள். பைய யோசிக்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருவன் காத்திருக்கிறான்.