மொட்டை கீஷ்

துருவிய கேரட்டையும் நறுக்கிய கீரையையும் ஒரு துணியில் கொட்டி முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள் பெரியவள். வேலை செய்வது அவள் கை, மேற்பார்வை உள் அறைக் கட்டிலிலிருந்து.

"தண்ணி போயிடுச்சா?"

"பிழிஞ்சுட்டேம்மா."

"இன்னொரு தரம் பிழி. அவசரக்காரி நீ."

இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மாவுக்கு மூன்று நான்கு சொல்லுக்கு மேல் மூச்சு வரவில்லை. குறை சொல்வதற்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. பெரியவள் மறுபடி பிழிந்தாள்.

முட்டை, பால், பனீர், காய்கறி எல்லாவற்றையும் கலக்கி ஓவனில் சுட்டெடுக்கிற இந்தப் பண்டத்துக்கு கீஷ் என்று பேர். ஹாஸ்டல் சமையலறையில் வேலை பார்த்த காலத்தில் அம்மா பிடித்துக்கொண்டு வந்த வித்தை. அடியில் மைதா மாவை விரித்து ஓடு வைத்துச் செய்வதுதான் முறை. சின்னவனுக்குச் சர்க்கரை வந்ததும் அம்மா ஓட்டைத் தூக்கிக் கடாசிவிட்டாள். மகனுக்கு ஆகாத மாவு வீட்டுக்கே ஆகாது. அன்றிலிருந்து அது மொட்டை கீஷ் ஆகிவிட்டது.

அந்தச் சின்னவன்தான் இப்போது லாரியை ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மறந்துவிடுகிற ஆள். போன வருஷம் பழைய கம்பெனியில் வேலை போய்விட்டது என்று யாரோ போனில் சொல்ல, வெறும் வயிற்றோடு கேட்டுவிட்டு வண்டியின் படியிலிருந்தே மயங்கி விழுந்து மண்டையைப் பிளந்துகொண்டான்.

"அவன் வந்ததும் தட்டு வை," என்று காலையிலேயே அம்மா சொல்லிவிட்டாள். "நான் இருந்தாலும் சரி. இல்லாட்டியும் சரி. சாப்பிட்டப்புறம் சொல்லு."

இதுதான் அம்மாவின் சட்டம். பசித்தவனிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது. வயிற்றில் நாலு வாய் இருந்தால் இடி விழுந்தாலும் ஆள் நிற்பான் என்பாள். அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோன அன்றுகூட வீட்டுக்கு வந்து பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தட்டு வைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் சொன்னாள். அன்றைக்கு அவள் கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை. பெரியவளுக்கு அது இன்றுவரை ஆச்சரியம், கொஞ்சம் கோபமும்கூட.

கலவையைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி ஓவனில் தள்ளினாள்.

"நடு ஆடும்போதே எடுத்துடு," என்றது உள்ளிருந்து குரல். "ரொம்ப விட்டா ரப்பர்."

"தெரியும்மா."

அதற்குப் பதில் வரவில்லை. தூங்கிவிட்டாள்போல என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனாள். பாத்திரமெல்லாம் கழுவி, மேடையையும் துடைத்து அரை மணி ஆகியிருக்கும், சித்தி அடுக்களை வாசற்படியில் வந்து நின்றாள். அம்மாவின் தங்கை. இரண்டு நாளாகக் கட்டிலை விட்டு நகராதவள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

பெரியவள் ஈரக்கையோடு ஓடினாள். அம்மாவின் வாய் சற்றே திறந்திருந்தது, இன்னும் ஏதோ குறை பாக்கி இருப்பதுபோல. கன்னத்தைத் தொட்டாள். சூடு இருந்தது. அம்மா, அம்மா என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். அடுக்களையில் ஓவன் மணி அடித்தது.

சித்தி வாயைத் திறந்து ஓவென்று ஆரம்பிக்கப்போனாள். பெரியவள் அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, சத்தம் போடாதீங்க. அவன் வந்துட்டு இருக்கான்."

"பெத்தவ முகத்தப் பாக்க ஓடி வர்றவன, சாப்பாட்டப் போட்டு ஏமாத்தப் போறியா? பாவம்டீ."

"பாவம் என்னோட போகட்டும். அவன் சாப்பிடற வரைக்கும் நீங்க வெளிய வரக்கூடாது."

கதவைச் சாத்திவிட்டு வந்து ஓவனைத் திறந்தாள். நடு இலேசாக ஆடியது. எடுத்து மேடையில் வைத்தாள். அழுது முகம் வீங்கினால் காட்டிக்கொடுத்துவிடும் என்று குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்து அடித்து அழுகையை விழுங்கினாள். அப்பா போன அன்று அம்மா எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்கு இப்போது புரிந்தது.

தெருமுனையில் லாரி நின்ற சத்தம் கேட்டது.

சின்னவன் செருப்போடே உள்ளே வந்தான். சட்டையெல்லாம் டீசல் வாடை.

"அம்மா எப்படி இருக்கா?"

"தூங்குறா. இப்பதான் கண்ணசந்தா." குரல் நன்றாகத்தான் வந்தது. "முதல்ல சாப்பிடு. சூடா இருக்கு."

அவன் சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை கொஞ்சம் நீண்டுவிட்டதோ என்று அவளுக்குப் பட்டது. ஒரே எட்டில் கதவைத் திறந்துவிடுவான், இங்கேயே விழுவான், தாங்கிப் பிடிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"கை கழுவிட்டு வர்றேன்," என்றான்.

தட்டில் ஒரு பெரிய துண்டை வெட்டி வைத்தாள். அவன் உட்கார்ந்து, ஓரத்தை முள்கரண்டியால் கிள்ளி வாயில் போட்டான். மென்றான். அடுத்த வாய். தலையே நிமிரவில்லை. உள்ளே சித்தி அடக்கிய விம்மல் ஒன்று கதவிடுக்கு வழியாகக் கசிந்தது. பெரியவள் கரண்டியை வேண்டுமென்றே கீழே போட்டுக் குனிந்து எடுத்தாள். அவன் அதையும் பார்க்கவில்லை.

பாதித் துண்டு போயிருந்தது. இன்னும் கொஞ்சம்தான் என்று அவள் மனம் வாய் வாயாக எண்ணிக்கொண்டிருந்தது. சும்மா நிற்க முடியாமல் பாத்திரத்தில் ஒட்டியிருந்த ஒரு விள்ளலை எடுத்து வாயில் போட்டாள்.

உப்பு இல்லை. ஒரு கல் உப்புகூட இல்லை. போட மறந்தே போயிருந்தாள்.

உப்புக்கு ஒரு பஞ்சாயத்து வைக்காமல் சின்னவன் சாப்பிட்டு எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது. கல்யாண வீட்டிலும் அவனுக்கு அது கூட, இது குறைச்சல். பச்சைத் தண்ணீர்போல் சப்பென்றிருந்ததை இப்போது ஒரு வார்த்தை சொல்லாமல், வாய் வாயாக விழுங்கிக்கொண்டிருந்தான். தாடை மட்டும் இறுகி இறுகி அசைந்தது.

அப்பா போன அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன். இந்த வீட்டில் 'முதல்ல சாப்பிடு' என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

தட்டு காலியானது. ஏதாவது கேட்பான் என்று நின்றாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தாள்.

"சின்னவா..." என்றாள்.

அவன் எழுந்து அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தான். பாத்திரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்தான். வைக்கும்போதே துண்டு உடைந்துவிட்டது. உடைந்ததைக் கரண்டியால் ஒன்றாக ஒதுக்கி, தட்டை அவள் பக்கம் தள்ளினான்.

"நேத்திலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே. முதல்ல நீ சாப்பிடு, அக்கா."

அவள் உட்கார்ந்தாள். அவன் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.