வூட்டுக்குள்ளார இருக்கற வரைக்கும்

வாசல் கேட்டைத் திறந்துகொண்டு வந்த இருவரும் செருப்பைக் கழற்றாமலே வராந்தாவில் ஏறினார்கள். கண்ணையன் அதைத்தான் முதலில் கவனித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்க வருகிறவர்கள், எத்தனை முறை வேண்டாமென்று சொன்னாலும், படிக்குக் கீழே செருப்பை விட்டுவிட்டுத்தான் மேலே வருவார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு மாற்று இடத்துக்கு அலைகிறவர்கள், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட கான்ட்ராக்ட் தொழிலாளிகள், பென்ஷன் வராத விதவைகள். ஓய்வுபெற்ற ஜில்லா ஜட்ஜ் காசு வாங்காமல் மனு எழுதிக் கொடுக்கிறார் என்பது குறிஞ்சிப்பாடி வரைக்கும் தெரிந்த சங்கதி. காலை ஏழு மணிக்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிடும். அன்று வெயில் ஏறியும் ஒருவரும் வந்திருக்கவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் யோசிக்கவும் இல்லை.

வந்தவர்களில் ஒருவன் அறிவுச்செல்வன். அவர் நடத்தும் இலவசப் பயிற்சி வகுப்பில் படித்து, சென்ற வருஷம் தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த காலனிப் பையன். கூட நின்ற பெண் இசைப்பிரியா. கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது.

"வெள்ளிக்கிழம ரிஜிஸ்டர் பண்ணிட்டோங்கய்யா," என்றான் அறிவுச்செல்வன். "எங்க போறதுன்னு தெரியல."

இசைப்பிரியா தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணையனின் மனைவி வீரம்மாள் உள்ளேயிருந்து வந்து, ஒரு பார்வையிலேயே எல்லாம் புரிந்தவளாக, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிப் போனாள். சுரங்க டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் இசைப்பிரியாவுக்குப் பாடம் நடத்திய டீச்சர் அவள். கண்ணையனும் அவளும் இருந்த குவார்ட்டர்ஸும் அவள் வேலைக்காகக் கிடைத்ததுதான்.

பெண்ணின் அப்பா கலியமூர்த்தி. லாரி கான்ட்ராக்டர். கண்ணையனின் பயிற்சி வகுப்புக்கு இடம் கொடுத்தவர் அவர்தான். தன்னுடைய குடோன் ஒன்றைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஃபேன் மாட்டி, "ஐயா, இது ஒங்க எடங்க" என்று சாவியைக் கையில் கொடுத்தவர். அங்கே படித்து எத்தனையோ பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். ஊர்ப்பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். நீதிபதியாக இருந்த காலமெல்லாம் எழுதிய தீர்ப்புகளைவிட அந்த பெஞ்சுகள்தான் தான் செய்த உருப்படியான காரியம் என்று கண்ணையனுக்கு ஒரு எண்ணம் உண்டு.

அவரும் காலனியில் பிறந்தவர்தான். அப்பாவும் அம்மாவும் குறிஞ்சிப்பாடிப் பக்கம் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். சட்டம் படித்து, கடலூரில் வக்கீலாக இருந்து, முன்சீப் ஆகி, ஊர் ஊராக மாற்றலாகி, சிவப்பு விளக்கு வைத்த காரில் போகிற ஜில்லா ஜட்ஜாக ஓய்வு பெற்றார். அந்தக் கார் போன பிறகும் மரியாதை போகவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். கலியமூர்த்தி அவர் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஆனால் இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் இல்லை. கேட்டால், "இப்பத்தாங்க வூட்டுல காபி குடிச்சிட்டு வரேன்" என்பார். கண்ணையன் அதைக் கவனித்திருந்தார். கவனித்துவிட்டு, பேசாமல் ஒதுக்கி வைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு போன் செய்தார். "ரெண்டு பேரையும் ஸ்டேஷனுக்கு அனுப்பி வைங்க சார். பொண்ணு வீட்டுக்காரங்களையும் கூப்ட்டு வச்சிப் பேசி விட்டுடலாம்," என்றார் இன்ஸ்பெக்டர், ஏற்கெனவே தயாராக வைத்திருந்த பதிலைப் போல. பேசி விடுவது என்றால் என்னவென்று கண்ணையனுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எதிர் குவார்ட்டர்ஸில் ஜன்னல் சாத்தப்பட்டது. பக்கத்து வீட்டுச் சுப்பிரமணியன், தினமும் பேப்பரோடு வந்து உட்கார்ந்து அரசியல் பேசுகிறவர், குடும்பத்தோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். "கோயிலுக்குங்க சார்," என்றார், கேட்காமலே.

வேறொரு மாவட்டத்தில் செஷன்ஸ் நீதிபதியாக இருந்தபோது கண்ணையன் விசாரித்த வழக்கு ஒன்று உண்டு. இதேபோல ஒரு ஜோடி. கரும்புக்காட்டுக்குள் கிடந்தார்கள். சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி, "நான் அன்னிக்கி ஊர்லயே இல்லீங்க" என்றார்கள். செத்துப்போன பெண்ணின் தாயும் அதையே சொன்னாள். சொல்லும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவர் எழுதினார். சட்டப்படி அந்தத் தீர்ப்பில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது.

மத்தியானம் கலியமூர்த்தியின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி வந்து, சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா சாப்ட்டாச்சுங்களா?"

"ஆச்சி."

"இந்த வருஷம் மரத்துல காப்பு கம்மிங்க. இருந்தாலும் மொதப் பழம் ஐயா வூட்டுக்கு வந்துடணுமில்ல."

டிரைவர் வெள்ளைச்சாமி டிக்கியிலிருந்து பலாப்பழத்தைத் தூக்கி வந்து வராந்தாவில் வைத்தான். வருஷா வருஷம் வருவதுதான். ஆனால் எப்போதும் பழத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"டீச்சரம்மாவுக்கு எதுக்கு சிரமம்? இங்கியே பொளந்து குடுத்துட்டு வாடா."

வெள்ளைச்சாமி சாக்கை விரித்தான். அரிவாளில் எண்ணெய் தடவினான். அவசரமே இல்லாமல், இரண்டு பக்கமும் தடவினான். ஒரே போடு. பழம் பிளந்த சத்தத்தில் உள் அறையில் ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. கலியமூர்த்தி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எம் பொண்ணுக்குப் பலாப்பழம்னா உயிருங்க," என்றார்.

"கலியமூர்த்தி, ரெண்டு பேரும் மேஜர். முறைப்படி பதிவு பண்ணியிருக்காங்க. சட்டத்துல..."

"சட்டமெல்லாம் எங்களுக்கு ஐயாதானே சொல்லிக் குடுத்தது?" குரல் உயரவில்லை. "எல்லாப் புள்ளைங்களும் ஒண்ணா ஒக்காந்து படிக்கட்டும்னு ஐயா மேடையில பேசனப்ப, மொத ஆளா கை தட்டனவன் நான். எம் பொண்ணையும் கொண்டாந்து அங்கதான் ஒக்கார வச்சேன். நல்லா ஒக்கார வச்சேன்." கொஞ்ச நேரம் பலாச்சுளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கொற வச்சதில்லீங்க அவளுக்கு. காச்சல்னா மடியிலயே போட்டுகினு கெடப்பேன்."

அந்த ஒரு நொடி கண்ணையனுக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. கலியமூர்த்தியின் கண் கலங்கியிருந்தது உண்மைதான்.

"அவ அம்மா கார்ல ஒக்காந்துகினு இருக்கா. மொகத்த மட்டும் ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறோம். வெளிய அனுப்புங்க."

கார்க் கண்ணாடிகள் ஏற்றிவிடப்பட்டிருந்தன. உள்ளே யார் இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்றே தெரியவில்லை.

"அம்மாவ உள்ள வரச் சொல்லுங்க," என்றார் கண்ணையன். "எங்க வூட்டுக்குள்ள வந்து பாக்கட்டும்."

"அது சரிப்படாதுங்க."

கலியமூர்த்தி எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வழக்கம்போலக் கை கூப்பினார்.

"ஐயா பயப்படாதீங்க. இந்த கேட்டத் தாண்டி ஒரு பய உள்ள வர மாட்டான். நான் வுட மாட்டேன். ஐயாவுக்கு அந்த மரியாதை என்னிக்கும் உண்டு." படி இறங்கியவர் நின்றார். "வூட்டுக்குள்ளார இருக்கற வரைக்கும்."

கார் போன பிறகுதான் தெரு முனையில் வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிள்கள் நிற்பது தெரிந்தது. இலைகளில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து மரமே நரைத்துப்போயிருந்தது. கீழே நின்றவர்களில் இரண்டு மூன்று முகங்கள் பயிற்சி வகுப்பில் முன் பெஞ்சில் உட்காரும் முகங்கள். கண்ணையன் பார்த்ததும் ஒருவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றான்.

கடலூருக்குப் போய் எஸ்.பி.யிடம் நேரில் ஆஜராகிப் பாதுகாப்புக் கேட்பது ஒன்றுதான் வழி. போன் செய்தபோது, கூட்டி வாருங்கள் என்றார்கள். மறுநாள் காலையில் போகலாம் என்று நினைத்திருந்தார். வீரம்மாள் விடவில்லை.

"இருட்டட்டும்னுதான் அவங்க காத்துகினு இருக்காங்க. இப்பவே கெளம்புங்க."

"நீ இரு. நான் கூட்டிகினு போறேன்."

அவள் ஏற்கெனவே புடவை மாற்றியிருந்தாள். "அங்க நிக்கிறவன்ல பாதிப் பேருக்குக் கையப் புடிச்சி எழுதக் கத்துக் குடுத்தவ நானு. எது செஞ்சாலும் எம் மொகத்தப் பாத்துகினு செய்யட்டும்."

பிளந்த பழம் ஈ மொய்க்க வராந்தாவிலேயே கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. கண்ணையன் தன் பழைய மாருதியைக் கிளப்பினார். பின்சீட்டில் அந்த இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேப்பமரத்தைத் தாண்டும்போது யாரும் மறிக்கவில்லை. கத்தவும் இல்லை. வண்டிகள் ஒவ்வொன்றாக உதைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

வடலூர் தாண்டியும் அவர்கள் பின்னாலேயே வந்தார்கள். முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. கண்ணையன் வேகத்தைக் கூட்டினால் அவர்களும் கூட்டினார்கள். குறைத்தால் குறைத்தார்கள். இசைப்பிரியாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. "அப்பாதான்," என்றாள். அறிவுச்செல்வன் ஒரு தடவை, "எங்களால ஒங்களுக்கும் கஷ்டங்கய்யா," என்றான். கண்ணையன் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டார். முன்பெல்லாம் டிரைவருக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார். அந்த இடத்தில் இப்போது வீரம்மாள், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது.

ஈரச் சாம்பல் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் நின்றது. இரண்டு பக்கமும் முந்திரிக்காடு. கண்ணையன் லாரியின் பின்னால் நிறுத்தினார். மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்து காருக்குப் பின்னால் நின்றன. அணைக்கும்படி யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லா என்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. லாரியின் பின்பலகையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"கதவ லாக் பண்ணிக்கங்க," என்று பின்சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கண்ணையன் இறங்கினார். மறுபக்கம் வீரம்மாளும் இறங்கினாள். இரண்டு பேரும் காரின் பின்னால் போய், டிக்கியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வந்தவர்களைப் பார்த்து நின்றார்கள். தகரத்தின் சூடு சட்டையைத் தாண்டிச் சுட்டது.

முன்வரிசை வண்டியில் இருந்தவன் அவரை இத்தனை கிட்டத்தில் எதிர்பார்க்கவில்லை. பழக்கத்தில் வணக்கம் வைக்க அவன் கை எழுந்தது. நெஞ்சுவரை வந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால், கண்ணாடிகள் ஏற்றிய அந்தக் கார் மெதுவாக வந்துகொண்டிருந்தது. வண்டிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி அதற்கு வழி விட்டன.