படகுச் சுவர்

அக்கா சுவரைத் தொட்டதுதான் தாமதம், ஆறின பாலின் மேலிருந்து ஆடை வருவதுபோல் அவள் செய்த பூச்சு கையோடு வந்துவிட்டது. கூடவே ஓவியமும் வந்தது.

பல்கலைக்கழகத்தின் பழைய மண்டபத்துச் சுவர் அது. ஓவியத்தில் ஒரு படகு கரையை விட்டுக் கிளம்புகிறது. எல்லோரும் அக்கரையைப் பார்க்க, கடைசியில் இருக்கிற பெண் மட்டும் திரும்பிப் பார்க்கிறாள். அவளுக்காகத்தான் அக்கா பொருளறிவியல் ஆய்வகத்தில் தலை நரைக்கும்வரை மாரடித்தாள். ஓவியத்தைக் காக்க, கண்ணுக்கே தெரியாத மெல்லிய பூச்சு. வெயிலில் வைத்தாள், தண்ணீரில் போட்டாள், ஆணியால் கீறினாள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சோதித்ததெல்லாம் காய்ந்த கல்துண்டுகளில். இந்தச் சுவரோ தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அது வெளியேற இருந்த ஒரே வழியையும் அக்கா தன் கையாலேயே அடைத்துவிட்டாள்.

தம்பி ஓடி வந்தான். உடன்பிறந்த தம்பிதான், சுவரைக் காக்கும் அதே திட்டத்தில், பழைய சின்னங்களைக் கணினியில் ஏற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கும் பிரிவு அவனுடையது.

"போனா போகுதுடா," என்றாள். "உன்கிட்டதான் முழு ஸ்கேன் இருக்கே. அந்தத் தைரியத்துலதானே சுவர் மேல கையே வச்சேன்."

அவன் கையிலிருந்த டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"டேய்."

"நூறு வருஷம் நிக்கும்னு நீதானேக்கா சொன்னே. சரி, பூச்சு முடியட்டும், நிதானமா எடுப்போம்னு இருந்துட்டேன். அப்புறம் எடுத்தா, ஸ்கேனர் வெளிச்சம் பூச்சுல பட்டு எல்லாம் ஒரே மினுமினுப்பு. ஒண்ணுமே பதியல."

"அதை ஏன்டா சொல்லல?"

"உன் பூச்சைக் குறை சொல்ற மாதிரி இருக்கும்னு..."

அவனை நம்பி இவள், இவளை நம்பி அவன். படித்த இரண்டு பேர் சேர்ந்து ஒரு சுவரை அநாதையாக்கிவிட்டார்கள்.

"வேற ஒண்ணுமே இல்லையா?"

தம்பி டேப்லெட்டை நீட்டினான். இருட்டு மண்டபத்தில் எடுத்த மங்கலான செல்போன் படங்களைப் பார்த்து, ஸ்கேன் வரும்வரை போதுமென்று வரைந்து வைத்த மாதிரிப் பாடம். ஆற்றுத் தண்ணீர் பளிச்சென்ற நீலம். படகோட்டி கையசைத்துச் சிரித்தான். படகின் கடைசியில், அந்தப் பெண் இருந்த இடத்தில், 'அடுத்து' என்று ஒரு பொத்தான்.

"பிள்ளைங்க விரலுக்கு எட்டணும்ல. அவளை எடுத்துட்டேன்க்கா," என்றவன் அழுதுவிட்டான்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை. கையிலிருந்த பூச்சை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பின்பக்கத்தில் அந்தப் பெண்ணின் ஒரு கண்ணும் கன்னமும் ஒட்டிக்கொண்டிருந்தன. அக்கா பெருமூச்சு விட்டாள். அந்தக் காற்றுக்கே அதுவும் பொடியாக உதிர்ந்து தரையில் விழுந்தது.

பூச்சில் ஒரு கீறல் இல்லை.