ஆற விட்டு அளந்தது

காபிக் கருவியின் பிஸ்டன் பாதி வழியில் நின்றுவிட்டது. தம்பி கட்டிலருகே மண்டியிட்டு, கைப்பிடியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கிப் பார்த்தான். மயிரிழைகூட அசையவில்லை. கீழே முக்காலியில் இருந்த கண்ணாடித் தம்ளரில் நாலே நாலு சொட்டு காபி விழுந்திருந்தது. ஐந்தாவது சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு துளையில் தொங்கியது.

"விடுடா. முக்காலி உடைஞ்சிடப் போகுது," என்றாள் அக்கா.

இரண்டு நாளாக அவள் பேசுவதைக் கேட்கக் குனிய வேண்டியிருந்தது. இதைக் கேட்க மட்டும் அவன் குனியவில்லை. இந்தக் குரலை அவன் பிறந்ததிலிருந்து கேட்டவன்.

"சுடுதண்ணி ஊத்தினப்ப லேசா இறங்குச்சுக்கா. அப்புறந்தான் பிடிச்சுக்கிச்சு."

"இப்படிக் கொடு."

எதையும் தூக்கிப் பிடிக்க அவள் கையில் தெம்பு இல்லை. அவன் கருவியைத் துணியில் சுற்றி, அவள் விரலுக்கு எட்டும்படி பிடித்துக்கொண்டான். சிலிண்டருக்குள் பிஸ்டன் நுழையும் விளிம்பில் அவள் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு சுற்று ஓட்டினாள். கண்ணை மூடியிருந்தாள். கால்மாட்டில் நின்ற அத்தான், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையனைப் போல, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவள். கடைந்து வரும் ஒவ்வொரு உருப்படியும் அவள் மேசைக்கு வந்துதான் போக வேண்டும். அளவு தப்பியதன் மேல் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துத் தள்ளிவிடுவாள். ரிஜெக்ட் அக்கா என்று முதுகுக்குப் பின்னால் ஆரம்பித்த பெயர், பத்து வருஷத்தில் முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. தம்பியும் அங்கே கடைசல் மெஷினான லேத் ஓட்டியவன்தான். மற்ற யாருடையதையும்விட அவன் உருப்படிகளில்தான் அதிகம் கோடு விழுந்தது. "தம்பின்னு கொஞ்சம் பாக்க மாட்டியா?" என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சண்டைக்குப் போனான். "தம்பின்னுதான் ரெண்டு தடவை அளந்தேன்," என்றாள். எட்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலையை விட்டு, சொந்தமாக ஒரு லேத் வாங்கிப் போட்டுக்கொண்டான்.

"சூட்டோட அளந்திருக்க," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

அவன் சிலிண்டரின் விளிம்பைப் பார்த்தான். உண்மைதானே. உலோகத்தைக் கடையும்போது சூடேறும். சூடேறினால் துளை விரியும். அந்த நேரத்தில் அளந்தால் சரியாகத்தான் காட்டும். ஆறியதும் சுருங்கி, உண்மையான அளவுக்கு வந்து கழுத்தைப் பிடிக்கும். லேத்தைத் தொட்ட முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. நேற்று ராத்திரி அவசரமாக இதைக் கடைந்தபோது அவனுக்கு அதெல்லாம் ஞாபகத்தில் இல்லை. டாக்டர் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று என்று சொல்லியிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் காபிக் கருவியின் வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தது அக்காதான். ஒரு சாண் உயரம், ஒரு கைப்பிடி, அடியில் காபித்தூள் போட ஒரு துளைத்தட்டு. மேலே கொதிநீரை ஊற்றிப் பிஸ்டனை அழுத்தினால் கெட்டியான காபி கீழே இறங்கும். கரண்ட் வேண்டாம், பைக்குள் அடங்கிவிடும். அத்தான் பஸ் கண்டக்டர். ஊர் ஊராக டிக்கெட் கிழித்தவர், ஒரு ஊரிலும் இறங்கி நின்று பார்த்ததில்லை. ஓய்வு பெற்றபின் இரண்டு பேரும் ஒவ்வொரு ஊராக இறங்கிப் பார்ப்பது என்று திட்டம். பஸ் நிலையத்துக் காபியை மட்டும் வாயில் வைக்க முடியாது என்று அக்கா இதை வரைந்தாள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் கூடக்குறைய எவ்வளவு போகலாம் என்றுகூட எழுதியிருந்தாள். "அடுத்த வாரம் முடிச்சிடலாம்கா," என்றான் அவன். அந்த அடுத்த வாரம் மூன்று வருஷமாக வரவே இல்லை. வியாதிதான் வந்தது. இப்போது எந்த ருசியும் தெரியாமல் போன நாக்கில் கசப்பு ஒன்றுதான் தெரிகிறது என்று போன வாரம் அவள் சொன்னபோது, அவனுக்குத் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரி பண்ணி எடுத்துட்டு வரேன்கா. ஓடிப் போயிட்டு ஓடி வந்துடறேன்."

"ஓடாத." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "பிஸ்டன் சரியா இருக்கு. அதைத் தொடாத. தப்பு சிலிண்டர்ல. உள்ள மறுபடி கடை. மூணு தடவையா எடு. ஒவ்வொரு தடவையும் கல்லு மேல வச்சு அரை மணி ஆற விட்டு அளக்கணும். தண்ணியில முக்கக் கூடாது. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"போ."

அவன் வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தை அத்தான் பக்கம் திருப்பியிருந்தாள். மணி ஒன்பதரை.

பட்டறை அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஒரு லேத், ஒரு துளை போடும் மெஷின், மூலையில் வழவழவென்று தட்டையான ஒரு கருங்கல் பலகை. சிக்கிய பிஸ்டனைப் பதம் பார்த்துத் தட்டி வெளியே எடுத்தான். சிலிண்டரை லேத்தில் பிடித்து, அளவுமானியின் முள் ஆடாமல் நிற்கும்வரை நேர் பார்த்து, முதல் இழுப்பு இழுத்தான். எவர்சில்வர் சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. கழற்றிக் கல்லின் மேல் வைத்தான். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தான்.

அரை மணி நேரம் சும்மா இருப்பது அவனுக்குத் தெரியாத வேலை. ஆயுளில் ஒரு உருப்படிக்காகவும் அவன் காத்திருந்ததில்லை. தண்ணீரில் முக்கு, துடை, அள, அடுத்ததை எடு. மேலே ஆறும், உள்ளே ஆறாது என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொள்வாள். இன்றைக்கு அவன் உட்கார்ந்திருந்தான். கையைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த கையை மறுபடி துடைத்தான்.

அம்மா ஞாபகம் வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, அதைப் பார்த்த இவன் மரம் மாதிரிச் சாய்ந்துவிட்டான். கட்டில் கம்பியில் மண்டை இடித்து ரத்தம். அக்கா, அத்தான், நர்ஸ் எல்லோரும் இவனைத் தூக்கி, முகத்தில் தண்ணீர் அடித்து, நெற்றியில் பஞ்சை அழுத்தி, ஒரு வழியாக இவன் கண்ணைத் திறந்தபோது அம்மா போய்விட்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. "அம்மா போறதையே மறைச்சுக்கிட்டு விழுந்தவன்டா நீ," என்று அக்கா இருபது வருஷமாகக் கிண்டல் செய்வாள். எல்லோரும் சிரிப்பார்கள், இவனும் சிரிப்பான். வீட்டுக்குப் போனதும் அவனுக்குச் சோறு இறங்காது.

அதனால்தான் இந்த ஒரு வாரமும் தினம் மாலையில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மூச்சு ஏறி இறங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்துப் பழகினான். தலை சுற்றவில்லை. "இந்தத் தடவை விழ மாட்டேன். அவ கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே இருப்பேன்," என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். அவளும் இப்போது அக்கா வீட்டில்தான் இருந்தாள். மாற்றம் தெரிந்தால் உடனே போன் செய்வதாக ஏற்பாடு.

முதல் அளவு எடுத்தான். இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது இழுப்பு. மறுபடி அரை மணி. ஓடிப்போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமா என்று ஒரு முறை எழுந்தான். வெறுங்கையோடு போனால் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது இழுப்பு முடிந்து, சிலிண்டரைக் கல்லில் வைத்து, பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தபோது போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" என்றாள் மனைவி. அழுதிருந்தாள். "அண்ணி போயிட்டாங்க."

"எப்போ?"

"இப்பத்தான். பத்து நிமிஷம் இருக்கும். நான் சமையக்கட்டுல இருந்தேன். மாற்றமே தெரியலை. உங்க அத்தான் வந்து சொன்னப்பதான்..."

"சரி."

"வாங்க."

"வரேன்," என்றான். ஆனால் எழுந்திருக்கவில்லை. இன்னும் பதினெட்டு நிமிஷம் இருந்தது. அந்தப் பதினெட்டு நிமிஷமும் அவன் கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளாமல் அழுதான். நேரம் ஆனதும் அளந்தான். வரைபடத்தில் அவள் எழுதியிருந்த அளவு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிஸ்டனின் ரப்பர் வளையத்தை மாட்டாமல், அதை மட்டும் சிலிண்டரின் மேல்வாயில் வைத்துக் கையை எடுத்தான். உள்ளே அடைபட்ட காற்றின் மேல் அது மெல்ல, மிக மெல்லத் தானாகவே இறங்கிப் போனது. இப்படி ஒரு உருப்படியை அவன் ஆயுளில் செய்ததில்லை. காட்டத்தான் ஆள் இல்லை.

மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மாலை நான்கு மணி. வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டும் சொல்லாமலும் கிளம்பினார்கள். தம்பியின் மனைவி அக்காவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நேற்றுக் காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

"அதைக் கொண்டு வந்தியா மாப்ள?"

பையில்தான் இருந்தது. தம்பி எடுத்து மேடையில் வைத்தான். தண்ணீரை அடுப்பில் ஏற்றினான். துளைத்தட்டில் காபித்தூளைப் போட்டு, விரலால் அமுக்கி, ஓரங்களை வழித்தான்.

"இவ்வளவு நேரமா பிடிக்கும் இந்த வேலை?" என்றார் அத்தான். குறை சொல்வதற்காக இல்லை. ஏதாவது பேச வேண்டும்.

"இல்ல அத்தான், இது உள்பக்கம் கடையணும்ல. கழட்டி, மாட்டி, நேர் பாத்து, ஆற விட்டு... நேரம் ஆகும். பிஸ்டனைத் தேய்க்கிறதுன்னா லேத்துல ஓட விட்டு உப்புத்தாளைச் சுத்தி நாலு தேய் தேய்ச்சா பத்தே நிமிஷத்துல..."

அவன் நிறுத்திவிட்டான்.

பத்தே நிமிஷம். போக வர இருபது. அரை மணிக்குள் திரும்பியிருக்கலாம். லேத்தில் கை வைத்த எவனும் முதலில் அதைத்தான் செய்வான். அவளுக்கா தெரியாது? முப்பத்தொரு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தவளுக்கு?

அத்தான் அவனைப் பார்க்கவில்லை. அடுப்பின் மேல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போனப்புறம் என்ன சொன்னா?" என்று கேட்டான் தம்பி.

"ஒண்ணும் சொல்லலை."

"அத்தான்."

அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கதவைச் சாத்தச் சொன்னா. அவன் மூணு மணி நேரம் வர மாட்டான்னா. நான்தான் திட்டினேன், நீ அவனை எதுக்கு இப்ப அனுப்பினன்னு. அதுக்கு..." தம்ளரை எடுத்துத் துடைத்தார். "நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அவன் இருந்தா எல்லாரும் அவனைத்தான் தாங்கணும். இன்னைக்கு எனக்கு நீங்க மட்டும் வேணும்னு சொன்னா."

தண்ணீர் கொதித்துவிட்டது. தம்பி அதை நிதானமாகச் சிலிண்டரில் ஊற்றினான். பிஸ்டனைப் பொருத்தினான். அத்தான் தம்ளரை இரண்டு கையாலும் அடியில் பிடித்துக்கொண்டார்.

அவன் அழுத்தினான். எங்கும் பிடிக்கவில்லை. காபி கெட்டியாக, நூல் மாதிரி, விட்டுப்போகாமல் இறங்கியது. மணம் சமையலறை முழுக்க நிறைந்தது. பிறகு நூல் மெலிந்தது, சொட்டாயிற்று, சொட்டும் நின்றது. காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது.

"போதும் மாப்ள," என்றார் அத்தான். "அவ்வளவுதான்."

தம்பி இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திக்கொண்டே இருந்தான்.