பட்டியலில் ஒரு வரி

டாக்டர் அயல்நேயை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாகக் கதை சொல்லவில்லை என்று பிறகு யாரும் என் மேல் பாய வேண்டாம். அவர் எங்கள் துறைத்தலைவர், என் முதுகலை ஆய்வுக்கு நெறியாளர். ஒருமுறை துணைநூல் பட்டியலில் ஒரு கமா விட்டுப்போனதற்காக என் ஆய்வேட்டை மாடி வராந்தாவிலிருந்து கீழே வீசினார். அடிஸ் அபாபாவின் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தாள்களின் கதி புரியும். சேற்றிலிருந்து நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருக்க, மேலே நின்றபடி அவர் மக்கியாத்தோ காபி குடித்துக்கொண்டிருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மனிதர் தன் கட்டுரைகளுக்குத் தானே பட்டியல் போட்டதே கிடையாது. "அந்த நீல அட்டைப் புத்தகம், ஜெர்மன்காரன் எழுதினது, அதைப் போடு" என்பார். எந்த நீலம், எந்த ஜெர்மன்காரன் என்று நூலகத்தில் தேடிப் பிடித்து, ஆண்டு, பதிப்பகம், பக்கம் எல்லாம் சேர்த்து அகரவரிசைப்படுத்திக் கொடுப்பது என் வேலை. ஒரு நன்றி கூட வந்ததில்லை. "இந்த ஊர்ல மேற்கோள் ஒழுங்கு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்" என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொள்வார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொள்வேன்.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் போன வருடம் கொடுத்தேன். கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் அதைப் போட்டார்கள். இரண்டாம் அத்தியாயம் முழுக்கச் சிவப்பாக வந்தது. 'ஆறாம் நாள் புல்' என்று எங்கள் எத்தியோப்பிய ஆண்டுக் கணக்கில் 2013இல் டாக்டர் அயல்நே வெளியிட்ட கட்டுரையோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறதாம். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? அந்த அத்தியாயம், ஒரு மலையூரில் களப்பணி செய்து 2012இல் நான் அவரிடம் கொடுத்த என் முதுகலை ஆய்வேட்டின் விரிவு. அதிலிருந்து தூக்கி, தன் பெயரைப் போட்டு, தானே ஆசிரியராக இருக்கும் ஆய்விதழில் அச்சிட்டிருக்கிறார். எனக்குச் சொல்லவே இல்லை. மூன்று வருடம் கழித்து ஒரு மென்பொருள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

வேறு யாராவதாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். இவர் என் மேல் திருட்டுப் புகார் கொடுத்தார். நிரூபணமானால் பட்டம் போகும், மாகாணக் கல்லூரியில் நான் பார்க்கும் விரிவுரையாளர் வேலையும் போகும். அதன்பிறகு இந்த நாட்டில் எந்த வகுப்பறையிலும் என்னை நுழைய விடமாட்டார்கள்.

புகார் கொடுத்த மறுநாள் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"பாரு ஷிதாயே, எதுக்கு இந்த வம்பெல்லாம்? உன் பட்டியல்ல என் கட்டுரையை ஒரே ஒரு வரி போட்டுடு. இந்தக் கருத்து, களக்குறிப்பு எல்லாம் டாக்டர் அயல்நே கொடுத்ததுன்னு முன்னுரையில ஒரு வாக்கியம். நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். உன் பட்டம் உனக்கு."

"அந்த ஊர்ப் பக்கமே நீங்க போனதில்லையே டாக்டர்."

"போனேன்னு அச்சுல இருக்கு. 2010லயே போய்ட்டேன், உனக்கு ஒரு வருஷம் முன்னாடி. என் குறிப்பைத்தான் உனக்குக் கொடுத்தேன். நீ தேதியை மாத்தி உன்னுதுன்னு எழுதிட்ட."

"என் நோட்டு இருக்கு."

"நோட்டு யார் வேணும்னாலும் வீட்டுல உக்காந்து எழுதலாம்மா."

"அந்த ஊர் வகாயே அக்காவைக் கேட்டா தெரியும், யார் வந்தாங்கன்னு."

"கேளேன். கல்லறைக்குப் போய்க் கேளு."

வகாயே இறந்து இரண்டு வருடமாகிவிட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லும்போது சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வகாயேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மென்ஸ் மலைப் பக்கம் ஸெல்கா என்று ஒரு சின்ன ஊர். ஊர்ப் பொதுவில் ஒரு புல்வெளி. மழைக்காலம் முழுக்க அதில் யாரும் அரிவாள் வைக்கக் கூடாது. வருடக் கடைசியில், எத்தியோப்பிய நாட்காட்டியின் பதின்மூன்றாம் மாதமான பகுமேயில்தான் திறப்பார்கள். பகுமேக்கு ஐந்தே நாள், ஊரில் ஐந்து வம்சம், நாளுக்கு ஒரு வம்சம் அறுத்துக்கொள்ளும். நான்கு வருடத்துக்கு ஒருமுறை பகுமேக்கு ஆறாவதாக ஒரு நாள் வரும் இல்லையா, அந்த நாள் எந்த வம்சத்திலும் சேராதவர்களுடையது. பஞ்சத்தில் வந்து ஒதுங்கியவர்கள், வெளியிலிருந்து வந்து கணவனை இழந்தவர்கள், அப்பன் பெயர் தெரியாதவர்கள். மறுநாள் புத்தாண்டு என்பதால் வீட்டுக்கு வீடு தரையில் புல் விரிப்பார்கள், சந்தையில் புல்லுக்கு அடிதடி நடக்கும். ஆக நாதியற்றவர்களுக்குக் கிடைத்த அந்த ஒரு நாள்தான் இருப்பதிலேயே நல்ல நாள். இதை இவ்வளவு அழகாக யோசித்தது யார் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

வகாயே பஞ்சத்தில் அந்த ஊருக்கு வந்த குழந்தை. நான் பார்த்தபோது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆறாம் நாள் யார் எங்கே அறுக்கலாம் என்று பிரித்துக் கொடுப்பவள் அவள்தான். என்னைப் பார்த்ததும் கையில் ஓர் அரிவாளைத் திணித்தாள்.

"சும்மா நின்னு கேள்வி கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்றதில்ல. அறுத்துக்கிட்டே கேளு."

போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். "என் குரல் என் தொண்டையிலயே இருக்கட்டும்" என்றாள். அதனால் பதிவு இல்லை. அறுத்தபடியே கேட்டு, மாலையில் நோட்டில் எழுதினேன். இடது பெருவிரலில் அன்று பட்ட வெட்டு இன்னும் தழும்பாக இருக்கிறது. தழும்பை எந்த விசாரணைக் குழுவும் சான்றாக ஏற்றுக்கொள்ளாது.

விசாரணைக்கு முந்தைய புதன்கிழமை, விரத நாள், பல்கலைக்கழக வாசலில் இருக்கும் கடையில் ஷிரோ என்ற கடலைமாவுக் குழம்பு சாப்பிட உட்கார்ந்தேன். அயல்நேயின் கட்டுரையைக் கூடவே வைத்திருந்தேன். நூறு தடவை படித்து எரிச்சல் பட்டதுதான். ஆனால் அன்றுதான் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். பட்டியலை யாரும் படிப்பதில்லை, நான் மட்டும் படிப்பேன். இத்தனை வருடம் அவருக்கு ஊழியம் செய்து ஒட்டிக்கொண்ட வியாதி அது. படிக்கப் படிக்க எனக்குப் புரிந்தது, இது அவரே தன் கையால் போட்ட பட்டியல். திருட்டு வேலையாயிற்றே, என்னிடம் கொடுக்க முடியுமா?

என் நேர்காணல்கள் அத்தனையும் அதில் இருந்தன. நாள் அதேதான், மாதம் அதேதான். வருடத்தை மட்டும் 2011 என்பதிலிருந்து 2010 ஆக்கியிருந்தார், எனக்கு முன்னால் போனதாகக் காட்ட வேண்டுமே. ஹம்லே 20, 2010. நெஹாஸே 9, 2010. கடைசியில் வகாயே: நேர்காணல், ஸெல்கா புல்வெளி, பகுமே 6, 2010.

இன்ஜெரா ரொட்டியைப் பிய்த்த கை அப்படியே நின்றது. 2010இல் பகுமேக்கு ஆறு நாள் கிடையாது. 2007இல் வந்தது, 2011இல் வந்தது. ஆறாம் நாள் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று பக்கம் பக்கமாக என்னிடமிருந்து திருடி எழுதியவர், இல்லாத ஆறாம் நாளில் போய்ப் புல்வெளியில் நின்றிருக்கிறார். திருடியதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் வகாயே நினைவு வந்து அழுகையும் வந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். இருவர் தலையாட்ட வந்தவர்கள். தலைவர் பேராசிரியர் மெர்ஷா, வரலாற்றுத் துறை, சிறுவயதில் தேவாலயப் பள்ளியில் படித்தவர். கெட்டவர் இல்லை. சண்டை என்றால் மட்டும் ஒதுங்கிக்கொள்வார்.

அயல்நே அரை மணி நேரம் பேசினார். இளைய தலைமுறைக்கு உழைப்பு தெரியவில்லையாம், மூத்தவர் வாயிலிருந்து பிடுங்கித் தின்கிறார்களாம். மெர்ஷா என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னம்மா சொல்ற?"

"டாக்டர்கிட்ட ரெண்டு மூணு கேள்வி கேக்கணும். வகாயே அக்காவைப் பார்த்த நாள் அவருக்கு ஞாபகம் இருக்கான்னு."

"ஏன் இல்லாம?" என்றார் அயல்நே. "புத்தாண்டுக்கு முந்தின நாள். லேசாத் தூறல். பொம்பளைங்க வரிசையா குனிஞ்சு அறுத்துக்கிட்டு இருந்தாங்க. நானே அரிவாளைக் கையில வாங்கிக் கொஞ்சம் அறுத்தேன்னா பாரேன்."

என் அரிவாள். என் தூறல். குரலை உயர்த்தாமல் கேட்டேன்.

"பகுமே ஆறுதானே டாக்டர்? அஞ்சு இல்லையே?"

"ஆறு. ஆறாம் நாளைப் பத்தித்தானே கட்டுரையே. புத்தி எங்க இருக்கு உனக்கு?"

"வருஷம் 2010. அச்சுல தப்பா வந்திருக்காதே?"

"என் பட்டியல்ல தப்பா? தேதி தப்பான மேற்கோள் திருட்டுக்குச் சமம்னு உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். 2010. எழுதிக்கோ."

"நான் எழுதல டாக்டர். பேராசிரியர் எழுதிக்கட்டும்."

மெர்ஷா எழுதினார். எழுதியவர் பேனாவை வைக்காமல் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். வருடங்களை நான்கு நான்காக அந்தப் பெயர்களைச் சொல்லி எண்ணத் தேவாலயப் பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். பழசு மறக்காது.

"2010 மாற்கு வருஷம்" என்றார் மெதுவாக. "லூக்கா வருஷத்துலதான் ஆறு வரும். அயல்நே, அந்த வருஷம் பகுமே அஞ்சோட முடிஞ்சிடுச்சே."

தலையாட்ட வந்தவர்களில் ஒருவர் போனை எடுத்து நாட்காட்டியைப் பார்த்தார், அடுத்தவருக்கும் காட்டினார்.

"அப்ப அச்சுப் பிழைதான்" என்றார் அயல்நே. குரல் மட்டும் இறங்கியிருந்தது. "2011ஆ இருக்கும். தட்டச்சுல..."

"2011 பகுமேல நீங்க ஜெர்மனியில மாநாட்டுல இருந்தீங்க டாக்டர்" என்றேன். "அங்க வாசிக்கற கட்டுரைக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்துட்டுத்தான் நான் ஸெல்காவுக்கு பஸ் ஏறினேன்."

நியாயமாகக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு மெர்ஷா என்னைத் தனியாக உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். தேநீர் வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உன் மேல தப்பில்லம்மா. புகார் தள்ளுபடி ஆயாச்சு. பதிவுல மட்டும் எதுவும் வேண்டாமே. அயல்நே டீன் பதவிக்கு நிக்கறாரு. துறை பேரு கெடும்."

"அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கச் சொல்லுங்க."

"அந்த இதழுக்கு ஆசிரியரே அவர்தானேம்மா. யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

"அப்ப வகாயே அக்கா சொன்னது அவர் பேர்லயே இருக்கும், இல்ல?"

மெர்ஷா சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "திருத்தி சீக்கிரம் கொடுத்துடு. பட்டியலை மட்டும் கவனமாப் பாரு. உனக்கு முன்னாடி எழுதினவங்க ஒருத்தர் விடாம அதுல இருக்கணும், விதி அப்படி" என்றார். அந்த மனிதர் அன்று சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான்.

விதிப்படியே செய்தேன். பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். அயல்நேயின் பெயர், ஆண்டு, தலைப்பு, இதழ், பக்கம், எல்லாம் அவர் வகுப்பில் கத்திச் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில். இரண்டாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு: 'வகாயேயுடனான நேர்காணல் பகுமே 6, 2010 அன்று நடந்ததாக அயல்நேயின் கட்டுரை கூறுகிறது. அந்த ஆண்டில் பகுமே மாதத்துக்கு ஐந்து நாட்களே. இதே நேர்காணலை நான் எடுத்தது பகுமே 6, 2011இல். காண்க: என் முதுகலை ஆய்வேடு, 2012.' அவ்வளவுதான். ஒரு வசைச் சொல் கிடையாது. எழுதும்போது வாயில் வந்த வசையையெல்லாம் வீட்டுச் சுவர் கேட்டது.

வெளித்தேர்வாளர் நைரோபியிலிருந்து வருவதாக இருந்தது. டீன் தேர்வுக் குழுவிலும் அவர் உறுப்பினர். அடிக்குறிப்புகளை ஒன்று விடாமல் படிக்கும் மனிதர் என்று பெயர்.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய நாள், பல்கலைக்கழக விடுதியில் நான் தங்கியிருந்த அறைக்கு அயல்நே வந்தார். அவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. நான் உட்காரச் சொல்லவில்லை. கையில் என் ஆய்வேடு, இரண்டாம் அத்தியாயத்தில் விரலை வைத்திருந்தார்.

"ஷிதாயே, அந்த வரியை எடுத்துடு."

"எந்த வரி டாக்டர்?"

"விளையாடாத. பட்டியல்ல என் பேரு. நீ என்னை மேற்கோள் காட்டவே வேண்டாம், போதுமா? அந்த ஆய்வு முழுக்க உன்னுதுன்னே வெச்சுக்கோ."

"வெச்சுக்கோன்னு நீங்க என்ன கொடுக்கறது? அது வகாயே அக்கா எனக்குக் கொடுத்தது. ஒரு வரி போடுன்னு கேட்டது நீங்க. போட்டாச்சு."

"அடிக்குறிப்பையாவது எடு. எனக்கு வயசாகுது, ஷிதாயே."

பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கல்லறைக்குப் போய்க் கேளு என்று சொன்ன வாய் அது. சிவப்புப் பேனா ஒன்றை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

"கமா எங்கயாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க டாக்டர், திருத்திடறேன்."

அவர் பேனாவை எடுத்தார். பட்டியலில் தன் பெயர் இருந்த வரியைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு அடிக்குறிப்புக்குப் போனார், அதையும் படித்தார். இரண்டிலும் ஒரு தப்பும் இல்லை.