காரணம் சொல்ல வேண்டியதில்லை

வேலை முடிந்து வந்தவள் கதவைத் திறந்ததும் காலில் இடித்தது அந்தப் பெட்டிதான். வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி கூடத்தின் நடுவே உட்கார்ந்திருந்தது. உள்ளே தூசி உறிஞ்சும் மெஷின். கம்பளத்துக்கு ஒரு குழாய், சோபாவுக்கு ஒரு குழாய், திரைச்சீலைக்கு ஒன்று. அந்த இரண்டு அறை வீட்டில் கம்பளமும் கிடையாது, சோபாவும் கிடையாது. கணவர் சமையலறையில் முதுகைக் காட்டியபடி, கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

“கையெழுத்துப் போட்டாச்சா?”

“விக்க வந்தவரு ரொம்ப நேரம் பேசினாருப்பா. பாவமா இருந்துச்சு.”

பஸ் பணிமனையில் அவருக்குப் பட்டப்பெயரே ‘சரி அண்ணன்’. யார் லீவு போட்டாலும் அந்த ஷிப்டு அவர் தலையில்தான். இரவல் போன குடை எதுவும் வீடு திரும்பியதில்லை. இவரைக் கோபித்துக்கொள்வது தலையணையை அடிப்பது மாதிரி, நம் கைதான் ஓயும். ஆனால் அவளுக்குள் ஒரு முள் உண்டு. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று இவரிடம் போய்க் கேட்டது அவள்தான். எதைக் கேட்டாலும் சரி என்கிற மனிதர் அதற்கும் அப்படியே தலையாட்டிவிட்டாரோ? இத்தனை வருடத்தில் வாய்விட்டுக் கேட்டதில்லை.

மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விடாமல் படிக்கிறவள் அவள். ஒப்பந்தத்தைப் புரட்டி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை விளக்கடியில் பிடித்துப் படித்தாள். வீடு தேடி வந்து விற்ற பொருள் என்றால், கையெழுத்துப் போட்ட பிறகும் ஒரு வாரத்துக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

“காரணமே சொல்ல வேண்டாமா?” அவரால் நம்ப முடியவில்லை. “அது எப்படி, மனுஷன் முகத்தப் பாத்துட்டு?”

“சட்டத்துக்கு முகமெல்லாம் தெரியாது. எழுதுங்க.”

எழுதினார். ஒரு பக்கம் முழுக்க மன்னிப்பு. நடுவில் மெஷினின் நிறத்தைப் பாராட்டி இரண்டு வரி வேறு. அவள் அடித்து அடித்து, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன் என்ற ஒற்றை வரியை மட்டும் மிச்சம் வைத்தாள்.

கடிதம் கிடைத்ததும் பெட்டியை எடுத்துப்போக விற்பனைக்காரரே வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் மனப்பாடமே செய்து வைத்திருந்தாள். ஆனால் அவருடைய சட்டைக் காலர் கண்ணில் பட்டது. நைந்துபோன காலரைப் பிரித்து, மறுபக்கம் திருப்பி, பொடிப்பொடியாகத் தைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நாளெல்லாம் துணி பார்க்கிற அவள் கண்ணுக்கு அது தப்பவில்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து போட்ட தையல்.

“கொஞ்ச நாள் வச்சுப் பாருங்கம்மா. இந்த மாசம் எனக்கு நடந்த ஒரே வியாபாரம் இதுதான்.”

அவள் வாய் தானாகத் திறந்தது. “சரி, அப்ப கொஞ்ச நாள்…”

“வேண்டாம்ங்க,” என்றார் கணவர்.

அவர் குரல்தானா என்று திரும்பிப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் பார்வை தாழவில்லை.

“ஏன் சார், என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல. காரணம் சொல்ல வேண்டியதில்லன்னு போட்டிருக்கு, அதான் சொல்லல.” கொஞ்சம் நிறுத்தி, “தண்ணி குடிங்க” என்றார்.

விற்பனைக்காரர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வண்டியில் வைத்துக் கட்டக் கயிறு இல்லை என்று கீழேயிருந்து குரல் வந்தது. கணவர் கட்டிலடியில் புகுந்து தேடினார். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க மாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

“அப்ப உங்களுக்கு வேண்டாம்னு சொல்ல வரும்.”

“கஷ்டமாத்தான் இருக்கு.”

“அன்னிக்கு நான் வந்து கேட்டேனே. சொல்ல வராமத்தான் சரின்னீங்களா?”

கட்டிலடியிலிருந்து கயிற்றை இழுத்தெடுத்தார். பிறகு தலையில் ஒட்டடையோடு எழுந்தார்.

“நான் எங்க சரின்னேன்? எப்பன்னுதான கேட்டேன்.”

கயிற்றை உதறிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அவள் ஜன்னலுக்கு வந்தாள். ஆமாம், எப்ப என்றுதான் கேட்டார், கையிலிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல். கீழே இரண்டு பேரும் பெட்டியை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படியும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விற்பனைக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெல்ல நகர, ஒரு கையால் பெட்டியைத் தாங்கியபடி கணவரும் கூடவே நடந்தார். விற்பனைக்காரர் திரும்பி ஏதோ சொன்னார். மேலே அவள் காதுக்கு எதுவும் எட்டவில்லை. வெயிலில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகத் தெருமுனை வரைக்கும் பேசிக்கொண்டே போனார்கள்.