நின்றால் நிற்கட்டும் என்று வாங்கிய வண்டி

பெண்டாட்டியைப் பற்றியே பெருமை பேசுகிறான் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். பேசுவதற்கு விஷயம் இருக்கிறது, பேசுகிறேன். அவள் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். பெரிய ஆஸ்பத்திரியில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது டிரைவர்கள் உட்காரும் அறையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறைகூடக் கிடையாது. சண்டை போட்டு வாங்கினாள். நான் லிஃப்ட் கம்பெனி வைத்திருக்கிறேன். லிஃப்ட் பொருத்துவது, சர்வீஸ் செய்வது, நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது எல்லாம் எங்கள் வேலை. கம்பெனி நன்றாக ஓட ஆரம்பித்ததும், "இனிமே நீ வேலைக்குப் போகணுமா?" என்று ஒரு நாள் கேட்டேன். "நீங்க சம்பாதிக்கிறதுக்கும் நான் ஓட்டுறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் ஓய்வுபெற்றதும் ஒரு நல்ல கார் வாங்குவது என்று முடிவு செய்தேன். சாதாரணக் கார் இல்லை. தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற கார். ஓட்டப்போவது அவள்தான். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் அவள் இருக்கும்போது நான் ஸ்டீயரிங்கைத் தொடுவது அதிகப்பிரசங்கித்தனம்.

எந்தக் கார் என்பதில்தான் தகராறு. என் கணக்கு எப்போதும் ஒன்றுதான்: ஒரு சாமான் வீட்டுக்கு வந்தால் அது இருப்பதே தெரியாமல் வேலை செய்ய வேண்டும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ், மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது வாங்கியது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், ஃபிரிட்ஜ் போகவில்லை. வாஷிங் மெஷினும் அப்படித்தான், மிக்ஸியும் அப்படித்தான். எல்லாம் நான் பார்த்துப் பார்த்து வாங்கியவை. ஒவ்வொரு தடவையும் அவளைக் கேட்பேன். "உங்க இஷ்டம்" என்பாள்.

காருக்கும் அப்படியே பார்த்தேன். ஒரு வண்டி மனசுக்குப் பட்டதும், அதை வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினேன். சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய வண்டி. வாங்கினவன் விற்பதே இல்லை, மெக்கானிக் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

குட்டையைக் குழப்பியது மாப்பிள்ளை. அவர் வேறொரு கம்பெனியின் கார் வைத்திருக்கிறார். வைத்திருக்கிறார் என்று சொல்கிறேனே தவிர, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது பாதி நாள் டாக்சியில்தான் வருவார்.

"அந்த வண்டிய ஓட்டிப் பாக்கணும் மாமா. ஓட்டுறப்ப சொர்க்கம்."

"ஓட்டாதப்ப?"

"ஒர்க்‌ஷாப்ல இருக்கு மாமா."

நான் சிரித்தேன், மகள் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. "வளைவுல எப்படித் திரும்பும்?" என்று கேட்டாள். மாப்பிள்ளை சாப்பிடுகிற கையைத் தூக்கி, காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினார். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும், "உனக்கு அந்த வண்டி மேல ஆசையா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்," என்றாள்.

இத்தனை வருஷத்தில் சாமான் வாங்குகிற விஷயத்தில் "உங்க இஷ்டம்" தவிர அவள் வாயிலிருந்து நான் வேறு பதில் கேட்டதில்லை. ஆக, ஆசை இருக்கிறது. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், சாம்பல் வண்டியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவது என்று பிடிவாதமாக இருந்தேன். ஆசைக்காக ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டும், அப்புறம் புத்தியோடு ஒன்றை வாங்குவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு ஷோரூம்களும் ஒரே சாலையில் எதிரெதிராக இருந்தன. முதலில் சாம்பல் வண்டி. கதவைச் சாத்தியதும் வெளியுலகம் அடங்கிப்போனது. குலுங்கவில்லை, முனகவில்லை. நான் பொருத்திய எந்த லிஃப்டும் இவ்வளவு சாதுவாகப் போனதில்லை. அவள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, "நல்லா இருக்கு," என்றாள். டாக்டர் எழுதிக்கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுச் சொல்கிற மாதிரி இருந்தது அது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாலையைத் தாண்டி எதிர் ஷோரூமுக்குப் போனோம். அங்கே மாப்பிள்ளை வைத்திருக்கிற அதே வண்டி, நீல நிறத்தில். அதைக் காட்ட வந்த சேல்ஸ்மேன் இஸ்திரி கலையாத சட்டையில், வாசனையாக இருந்தார். சாவியை என்னிடம் நீட்டினார். "அவங்கதான் ஓட்டுவாங்க," என்றேன். "ஓ, மேடமா?" என்றார். அந்த 'ஓ' எனக்குப் பிடிக்கவில்லை.

சேல்ஸ்மேன் முன்னால் ஏறிக்கொள்ள, நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அவள் சீட்டை இழுத்து, கண்ணாடிகளைச் சரிசெய்து, பின்னால் திரும்பி, "கெளம்பலாமா?" என்றாள். "ம்," என்றேன். ஆம்புலன்ஸில் வந்த பழக்கம். பின்னால் நோயாளியோடு இருக்கிற ஆள் சரி என்று சொல்லாமல் அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டாள். எங்கள் பழைய காரில் காய்கறிப் பை மட்டும் இருந்தாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள்.

ஊரை விட்டு வெளியே, மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற சாலை. வளைந்து வளைந்து ஏறும். இந்த வண்டியின் அருமை அங்கேதான் தெரியும் என்று சேல்ஸ்மேன் கூட்டிப்போனார். அவள் ஓட்டினாள். தம்ளரில் தண்ணீர் வைத்திருந்தால் ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது.

"மேடம், கொஞ்சம் அழுத்திப் பாருங்க. பயப்படாதீங்க, வண்டி புடிச்சுக்கும்."

அவள் அழுத்தினாள். வண்டி ஒரு உறுமல் உறுமியது. வளைவு வந்ததும் காலை எடுத்துவிட்டாள். மறுபடி அழுத்துவாள், மறுபடி எடுத்துவிடுவாள். அப்படியே மேலே போய்ச் சேர்ந்தோம். தொட்டி வாசலில் நிறுத்தி, இறங்கி, டயர்களைப் பார்க்கப் போனாள்.

சேல்ஸ்மேன் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. மேடம் ரொம்ப பயந்து ஓட்டுறாங்க. இது அவங்களுக்குக் கொஞ்சம் ஓவர். எங்ககிட்டயே இதவிடச் சின்னதா, சாதுவா ஒண்ணு இருக்கு. காட்டட்டுமா?"

நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சாம்பல் வண்டி எங்கள் வாசலில் நின்றிருக்கும். ஓட்டிப் பார்த்துவிட்டு அவளே வேண்டாம் என்றுவிட்டாள் என்று மாப்பிள்ளையிடமும் சொல்லியிருக்கலாம். நான் நினைத்தது என் கைக்கே வந்துவிட்டது.

ஆனால் பயந்து ஓட்டுகிறாளாமே. எனக்குச் சுர்ரென்று ஏறியது. யார் பயந்தவள்? தண்ணீர் ஏறிய தெருவில் வண்டியைத் திருப்ப இடமில்லாமல், பின்னால் மாரடைப்பு வந்த ஆளை வைத்துக்கொண்டு, தெரு முழுக்க ரிவர்ஸிலேயே வந்து சேர்ந்தவள். அவளுக்கு இந்த இஸ்திரிச் சட்டை சாது வண்டி காட்டப்போகிறாராம்.

"தம்பி," என்றேன், "அவ பயந்து ஓட்டல. பின்னாடி ஆள வச்சுக்கிட்டு ஓட்டுறா."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே புரிந்தது. வழியெல்லாம் நடுக் கண்ணாடியில் அவள் கண் தெரிந்துகொண்டே இருந்தது. பின்னால் வருகிற வண்டிகளைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அந்தச் சாலையில் பின்னால் வண்டியே கிடையாது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை. ஒவ்வொரு வளைவிலும், ஆள் நன்றாக இருக்கிறானா, மூச்சு விடுகிறானா என்று.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். அவள் ஓடி வந்தாள்.

"என்னங்க, மயக்கமா வருதா? தண்ணி வேணுமா?"

"மயக்கமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான் இங்க நிக்கிறேன். நீ கீழ வரைக்கும் போய்ட்டு வா."

"நீங்க வரலயா?"

"வரல. பின்னாடி யாரும் இல்ல. ஒனக்காக ஓட்டு."

அவள் போய், முன்சீட்டில் இறங்காமல் இருந்த சேல்ஸ்மேனுக்குப் பக்கத்தில் ஏறினாள். பெல்ட்டை மாட்டினாள். இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

தொட்டியின் மதிலோரம் நின்றால் கீழே சாலை முழுக்கத் தெரியும். முதல் வளைவில் மெதுவாகத்தான் போனாள். இரண்டாவதில் கொஞ்சம் வேகம். அதற்கப்புறம் அந்த நீல வண்டி இறங்கின அழகை நான் எப்படிச் சொல்வேன். வளைவுக்குச் சற்று முன்னால் பிரேக் விளக்கு ஒரு கணம் எரியும், அணையும், வண்டி கோடு மாறாமல் உள்ளே திரும்பும், வெளியே வரும்போது அதன் சத்தம் மேடு ஏறி என் காதுக்கு வரும். ஒரு திருத்தம் கிடையாது, ஒரு தடுமாற்றம் கிடையாது. அவள் ஆம்புலன்ஸ் ஓட்டிப் போவதை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். அவளுக்காக அவள் ஓட்டி நான் பார்த்ததில்லை. என் மனைவி, என் மனைவி என்று அந்தத் தொட்டியிடமாவது சொல்லிவிடலாம் போலிருந்தது.

திரும்பி வந்து நின்றபோது சேல்ஸ்மேன் கதவுக்கு மேலிருக்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அதை விடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. இறங்கி என்னிடம் வந்து, "மேடம் என்ன சார் வேலை பாத்தாங்க?" என்று கேட்டார்.

"ஆம்புலன்ஸ் டிரைவர்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சார்," என்றார் பாவமாக.

அவள் முகம் சிவந்திருந்தது. "பிரேக்க விட்ட ஒடனே வண்டி மூக்கு வளைவுக்குள்ள போகுதுங்க. நான் நெனைக்கறது அதுக்குத் தெரியுது," என்றாள். ஓட்டுவதைப் பற்றி அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். ஷோரூம் சோபாவில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே மறுபடி ஆரம்பித்தேன். பிறவிக் குணம்.

"வண்டி அருமையான வண்டிதான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நடுரோட்டுல நின்னா என்ன பண்ணுவ? மாப்பிள்ளை படுற பாட்டப் பாத்தல்ல? நான் லிஃப்டுக்காரன். ஒரு சாமான் நின்னா உள்ள இருக்கறவன் கதி என்னன்னு எனக்குத் தெரியும்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் தெரியும்ங்க. நான் ஓட்டின வண்டி எதுவுமே நிக்கக் கூடாத வண்டி. தினமும் ஆயில் பாத்து, டயர் பாத்து, ஃபேன் பெல்ட்டத் தொட்டுப் பாத்துட்டுதான் ஏறுவேன். அப்பிடியும் ஒரு தடவ நின்னுச்சே, பிரசவத்துக்கு அந்தப் பொண்ண ஏத்திட்டு வந்தப்ப. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வேறு வண்டி வந்து கொண்டுபோய்ச் சேர்த்து, தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல், பேசாமல், யூனிஃபார்ம்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைலேர்ந்து எந்த வண்டியில ஏறினாலும் சரி, நின்னுடுமோ நின்னுடுமோன்னு காது அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கும். நம்ம பழைய கார்லகூட. நீங்க பேசறது பாதி எனக்குக் கேக்காது. இன்னைக்கு அந்த மேட்டுலேர்ந்து எறங்குறப்ப அது கேக்கல." என் கை மேல் கையை வைத்தாள். "இந்த வண்டி நின்னா நிக்கட்டும்ங்க. உள்ள யாரும் உயிருக்குப் போராடிக்கிட்டு இல்ல. நீங்களும் நானும்தான். எறங்கி ஓரமா ஒக்காந்துக்கலாம்."

எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். லிஃப்ட் நடுவில் நின்றுபோன கட்டடத்தில், சட்டையைப் பிடிக்க வருகிறவனுக்கும் பதில் வைத்திருப்பேன். அன்று அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்தேன். சேல்ஸ்மேனைக் கூப்பிட்டு, "இதே வண்டி, இதே நீலம்," என்றேன்.

"உங்களுக்குச் சம்மதமா?" என்றாள் அவள்.

"ஒன் இஷ்டம்," என்றேன். "ஆனா நான் இனிமே முன்னாடிதான் ஒக்காருவேன்."

வண்டி வந்தது. தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வண்டியைவிட, அதிலிருந்து இறங்கிய அவளைத்தான் என்று நான் சொல்வேன். லீவு நாளில் காலையிலேயே கிளம்பிவிடுவோம். எங்கே என்று நான் கேட்பதில்லை. வளைவு இருக்கிற பக்கமாகப் போவாள். முதல் சில நாள் நானும் அந்தப் பிடியை இரண்டு கையால் பிடித்தேன். அப்புறம் பழகிவிட்டது.

வண்டி நிற்கவும் நின்றது. மகள் வீட்டுக்குப் போகிற வழியில், ஊரே இல்லாத இடத்தில், டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது, இன்ஜின் இரண்டு இருமல் இருமி அடங்கியது. அவள் ஓரம் கட்டினாள். 'நான் அப்பவே சொன்னேன்' என்கிற வாக்கியம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. சர்வீஸ்காரர்களுக்குப் போன் செய்துவிட்டு, பையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சாலையோரத் தடுப்புக் கம்பியில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே உரித்தாள். நான் வாக்கியத்தை விழுங்கிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பாதி கொடுத்தாள்.

அந்த வழியாக வந்த ஒரு லாரி வேகத்தைக் குறைத்து எங்கள் பக்கத்தில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, வண்டியை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து எகத்தாளமாகச் சிரித்தார்.

"என்னண்ணே, இவ்ளோ பெரிய வண்டி, நின்னு போச்சா? எப்பிடி ஓட்டுனீங்க?"

நான் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"நான் ஓட்டல தம்பி. என் பெண்டாட்டி ஓட்டுனா. அவ ஓட்டுற ஓட்டத்துக்கு வண்டியால ஈடு குடுக்க முடியல."